கதவைச் சாத்தினால் பாதுகாப்பு வந்துவிடுமா?

நர்சிங் ஹோம் என்றால் நம் ஊரில் பிரசவம் பார்க்கும் சிறிய தனியார் மருத்துவமனை. கனடாவில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. தனியே குளிக்கவோ சாப்பிடவோ முடியாத, நினைவு தப்பிய, படுக்கையில் விழுந்துவிட்ட முதியவர்கள் தங்கள் கடைசி ஆண்டுகளைக் கழிக்கும் இடம் அது. அங்குள்ள தமிழர்கள் 'நீண்டகாலப் பராமரிப்பு இல்லம்' என்று எழுதுகிறார்கள். பேச்சில் 'ஹோம்' என்றாலே போதும். கோவிட்-19 முதல் அலையில் கனடாவில் இறந்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் இத்தகைய இல்லங்களில் வசித்தவர்கள். அதே காலத்தில் மற்ற வளர்ந்த நாடுகளின் சராசரி ஏறத்தாழ பத்தில் நான்கு. உலகமே மெச்சுகிற பொது மருத்துவ அமைப்பு உள்ள நாட்டில் இது நடந்தது.

பராமரிப்புத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்வதற்காக 2019இல் டொரன்டோவுக்கு வந்தவள் நான். அடுத்த ஆண்டே நான் பார்க்க வேண்டிய இல்லங்கள் எல்லாம் பூட்டிக்கொண்டன. ஆய்வாளரை உள்ளே விடாதது சரி. ஆனால் பெற்ற பிள்ளைகளையும் கட்டிய துணையையும் மாதக்கணக்கில் வெளியே நிறுத்தினார்கள். பெருந்தொற்றின்போது இல்லத்தில் இருக்கும் நம் மனிதர்களைப் பாதுகாப்பாகச் சந்திப்பது எப்படி என்ற கேள்வியை அன்றும் இன்றும் பலர் பாசம் சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டுமே பேசுகிறார்கள். எனக்கு அது உழைப்பைப் பற்றிய கேள்வி. யார் யாரைத் தொடலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் பற்றிய கேள்வியும்கூட. சாதி ஒழிப்பைப் பேசும் நமக்கு இதில் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

யார் அந்தப் 'பார்வையாளர்'?

2020 மார்ச் 13 அன்று ஒன்டாரியோ மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரி எல்லா இல்லங்களுக்கும் ஒரு குறிப்பு அனுப்பினார். அத்தியாவசியப் பார்வையாளர்களை மட்டும் அனுமதியுங்கள் என்றது அது. கடுமையாக நோயுற்றவரையோ இறந்துகொண்டிருப்பவரையோ பார்க்க வருகிறவர் மட்டுமே அத்தியாவசியப் பார்வையாளர். அதாவது சாவு நெருங்கினால்தான் மகள் உள்ளே வரலாம்.

பார்வையாளர் என்ற சொல்லே ஏமாற்றக்கூடியது. பழம் வாங்கிக்கொண்டு வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்து, நலம் விசாரித்துப் போகிறவர் என்றுதான் நமக்குத் தோன்றும். இல்லங்களில் தினமும் வந்துகொண்டிருந்தவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள் அல்ல. மதியம் வந்து சோறு ஊட்டினார்கள். பல் செட்டைக் கழுவி மாட்டினார்கள். காது கேட்கும் கருவியின் பேட்டரியை மாற்றினார்கள். முதுகைத் திருப்பிப் பார்த்து, படுக்கைப்புண் வருகிறதா என்று கவனித்தார்கள். பெரும்பாலும் பெண்கள். சம்பளம் கிடையாது. கணக்கிலும் வராது. ஆள் பற்றாக்குறையில் ஓடிக்கொண்டிருந்த இல்லங்கள் தாக்குப்பிடித்ததே இந்த இலவச உழைப்பால்தான். ஒரே நாளில் அந்த உழைப்பை வெளியே தள்ளிவிட்டு, அதன் இடத்தில் வேறு யாரையும் நிறுத்தவில்லை.

அவர்களோடு இன்னொன்றும் வெளியே போனது: கண்கள். 2019இல் ஒன்டாரியோவின் 626 இல்லங்களில் முழுமையான ஆண்டு ஆய்வு நடந்தது 9இல் மட்டும்தான் என்று கனடியப் பொது ஒலிபரப்பு நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. அரசு அதிகாரி வராத இடத்தில் குடும்பத்தார்தான் சாட்சி. அந்தச் சாட்சியும் இல்லாத வாரங்களில் உள்ளே என்ன நடந்தது என்பதைக் கடைசியில் ராணுவம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஊழியர்களும் நோயில் விழுந்து நிலைமை கைமீறிய 5 இல்லங்களுக்கு ராணுவ மருத்துவக் குழுக்கள் அனுப்பப்பட்டன. அவர்களின் அறிக்கை 2020 மே 26 அன்று வெளியானது. கரப்பான் பூச்சிகள், பல வாரங்களாகக் குளிப்பாட்டப்படாத உடல்கள், உதவி கேட்டு நெடுநேரம் கத்தியும் யாரும் வராத அறைகள். அந்த 5 இல்லங்களில் ஒன்று ஸ்கார்பரோவில் இருக்கிறது. ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் அடர்த்தியாக வாழும் பகுதி அது. செய்தியைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் பலர் அன்றிரவு தூங்கவில்லை.

கிருமி எந்த வழியில் வந்தது?

வாசலில் மகளைத் தடுத்தார்கள். கிருமி நிற்கவில்லை. ஏன்?

முதல் காரணம் அறைகள். பழைய வடிவமைப்பில் கட்டிய இல்லங்களில் ஓர் அறைக்கு நான்கு கட்டில்கள், நடுவில் ஒரு திரைச்சீலை, எல்லோருக்கும் ஒரே கழிப்பறை. மாகாணத்தின் 600க்கும் மேற்பட்ட இல்லங்களை எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு, நெரிசல் அதிகமுள்ள இல்லங்களில் தொற்றும் மரணமும் நெரிசல் குறைந்தவற்றைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்று காட்டியது. லாப நோக்கில் நடக்கும் இல்லங்களில் தொற்று பரவிய அளவும் மரணமும் அதிகம் என்று இன்னோர் ஆய்வு சொன்னது. அந்த இல்லங்களில் பழைய கட்டடங்கள் அதிகம் என்பதையும், பல கிளைகள் கொண்ட பெரிய நிறுவனங்களின் கையில் அவை இருப்பதையும் அது காரணமாகக் காட்டியது. மூன்று, நான்கு கட்டில் அறைகளில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது 2020 ஜூனில்தான். மகளுக்கு மார்ச்சில் தடை. நாலு கட்டில் அறைக்கு மூன்று மாத அவகாசம்.

இரண்டாவது காரணம் வேலையின் தன்மை. இல்லங்களில் முதியவர்களின் உடலோடு புழங்கும் வேலையைச் செய்கிறவர்களை அங்கே பி.எஸ்.டபிள்யூ. என்பார்கள். குளிப்பாட்டுவது, மலசலம் எடுப்பது, உடை மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் அவர்கள்தான். முழுநேர வேலை கொடுத்தால் விடுப்பும் சலுகைகளும் தர வேண்டும் என்பதால் பலருக்குப் பகுதிநேர வேலைதான். வயிற்றுக்குப் போதாது என்று காலையில் ஓர் இல்லம், மாலையில் இன்னோர் இல்லம் என்று ஓடினார்கள். சம்பளத்தோடு நோய் விடுப்பு இல்லாதவர் லேசான காய்ச்சலோடும் வேலைக்குப் போவார். ஒருவர் ஓர் இல்லத்தில் மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்ற ஆணை ஒன்டாரியோவில் நடைமுறைக்கு வந்தது ஏப்ரல் 22 அன்று. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இதை முன்னதாகவே, மார்ச் இறுதியிலேயே அறிவித்துவிட்டது. எல்லோருக்குமான 3 நாள் சம்பள நோய் விடுப்பு ஒன்டாரியோவில் வந்தது 2021 ஏப்ரலில். அதற்குள் மூன்று அலைகள் வந்துவிட்டன.

இந்த வேலையைச் செய்கிறவர்கள் யார்? கனடியப் புள்ளியியல் துறையின் கணக்குப்படி, இந்தப் பிரிவுத் தொழிலாளர்களில் குடியேறியவர்களின் பங்கு 1996இல் 22 சதவீதம். 2016இல் 36 சதவீதம். கறுப்பினப் பெண்களும் பிலிப்பீன்ஸ் பெண்களும் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாக இதில் இருக்கிறார்கள். டொரன்டோவில் தமிழ்ப் பெண்களும் கணிசமாக உண்டு. உடலின் கழிவைத் தொடும் வேலை, குறைந்த கூலி, பிறப்பால் ஒதுக்கப்பட்டவர்கள். இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்வது நமக்குப் புதிய காட்சி இல்லை. ஒன்டாரியோவில் முதல் தடுப்பூசி போட்டுக்கொண்டவர் பிலிப்பீன்ஸிலிருந்து வந்த ஒரு பி.எஸ்.டபிள்யூ. 2020 டிசம்பர் 14 அன்று தொலைக்காட்சிகள் அவருக்குக் கைதட்டின. கைதட்டலோடு கூலி உயர்ந்ததா என்பது வேறு கதை.

அக்கா கண்ணாடிக்கு வெளியே

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஓர் இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூ. அவருடைய அம்மா நகரின் இன்னொரு பக்கம் வேறோர் இல்லத்தில் இருந்தார். நினைவு மங்க மங்க, அம்மாவுக்குக் கடைசியாகப் படித்த ஆங்கிலம் முதலில் போய்விட்டது. தமிழ் மட்டும் மிஞ்சியது. அந்தத் தளத்தில் தமிழ் தெரிந்த ஊழியர் யாரும் இல்லை. தண்ணீர் கேட்டால்கூட அக்கா வரும்வரை காத்திருக்க வேண்டும்.

தடை வந்த பிறகு அக்கா வேலை முடிந்து பேருந்து பிடித்து அங்கே போய், தரைத்தள ஜன்னலுக்கு வெளியே நிற்பார். ஊழியர் ஒருவர் அம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து காட்டுவார். கண்ணாடியில் தன் முகமும் தெரிவதால் அம்மாவுக்குக் குழப்பம். மகளைப் பார்க்காமல் தன் பிம்பத்தோடு பேசுவார். டேப்லெட்டில் வீடியோ அழைப்பு போட்டுக் கொடுத்தால் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து மகளைத் தேடுவார்.

ஒரு மாலை அக்கா என்னிடம் சொன்னார்: "ஆரின்ரையோ அம்மாவுக்குத் தீத்திப்போட்டு வாறன் பிள்ளை. என்ர அம்மாவைக் கண்ணாடிக்கு வெளியில நிண்டு பாக்கிறன்."

இந்த ஒரு வாக்கியத்துக்குள் மொத்தக் கொள்கையின் கோணலும் இருக்கிறது. அதே கை, அதே முகக்கவசம், அதே பயிற்சி. கூலிக்கு ஊட்டும்போது அவர் அத்தியாவசியப் பணியாளர். பெற்றவளுக்கு ஊட்ட வந்தால் அவர் ஆபத்து. உடலில் எந்த மாற்றமும் இல்லை. அவர் நிற்கும் வாசல்தான் மாறியிருக்கிறது. ஆபத்தை அளப்பதாகச் சொன்ன விதி உண்மையில் அளந்தது, நிர்வாகத்துக்கு யார் தேவை என்பதை.

செப்டம்பரில் விதி தளர்ந்து அக்கா உள்ளே போனபோது அம்மாவின் எடை வெகுவாகக் குறைந்திருந்தது. கோவிட் அவரைத் தொடவே இல்லை. அந்த மாதங்களில் இல்லங்களில் கிருமி கொன்றவர்களைக் கணக்கெடுத்தோம். ஊட்ட ஆளில்லாமல் வற்றியவர்கள், பேச ஆளில்லாமல் சாப்பிட மறுத்தவர்கள் எந்த அட்டவணையில் வருவார்கள்?

விலகல் என்ற சொல்

2020 மார்ச்சில் நம் ஊர்ச் செய்திகளில் 'சமூக விலகல்' என்ற சொல் வந்தபோது நம்மில் பலருக்கு உடம்பு கூசியது. சேரியில் வளர்ந்தவர்களுக்கு விலகி நிற்பது எப்படி என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடைக்காரர் காசைக் கையில் வாங்காமல் பலகையில் வைக்கச் சொன்ன கதைகளை என் ஆயா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். உலக சுகாதார நிறுவனமும் அதே மார்ச்சில், விலகியிருக்க வேண்டியது உடல்கள்தான், உறவுகள் இல்லை என்று சொல்லி, அதற்கேற்ற சொல்லுக்கு மாறியது.

ஆனால் கூச்சத்தோடு நின்றுவிட முடியாது. நோய்க்காக ஆறடி தள்ளி நிற்பதும் தீண்டாமையும் ஒன்று என்று சொன்னால் அது பிழை. கிருமி உண்மை, தீட்டு பொய். இரண்டையும் பிரித்துப் பார்க்க நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று, இந்த இடைவெளி இரு பக்கத்துக்கும் பொதுவா? நான் முகக்கவசம் போடுகிறேன், நீயும் போடுகிறாய் என்றால் அது சுகாதாரம். ஒரு தரப்பு மட்டும் எப்போதும் வெளியே நிற்க வேண்டும் என்றால் சந்தேகப்படு.

இரண்டு, இதற்கு முடிவுத் தேதி உண்டா? எந்த நிலை வந்தால் விதி தளரும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கிறதா?

மூன்று, காரணத்தைச் சோதித்துப் பார்க்க முடியுமா? பாதிக்கப்படுகிறவர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டா, அல்லது 'அப்படித்தான்' என்பதுதான் பதிலா?

தீண்டாமை இந்த மூன்றிலும் தோற்கும். அதற்காகப் பார்வையாளர் தடையைத் தீண்டாமை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்டாரியோவின் தடையும் இந்த மூன்றில் தேறவில்லை. ஊழியர் உள்ளே, ஒப்பந்தக்காரர் உள்ளே, மகள் வெளியே. தொடங்கிய தேதி இருந்தது, முடியும் நிபந்தனை இல்லை. உள்ளே வாழ்கிறவர்களிடம், 'உங்களுக்கு யார் வேண்டும், எவ்வளவு ஆபத்தை ஏற்கிறீர்கள்' என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் வயதானவர்கள், மறதிக்காரர்கள், அவர்களுக்காக நாம் முடிவெடுப்போம் என்ற மனநிலை. பாதுகாப்பின் பெயரால் ஒருவரின் வாயை அடைப்பது நமக்குத் தெரிந்த பழைய வித்தை.

வேறு வழி இருந்தது

'அன்று வேறு என்ன செய்திருக்க முடியும்?' என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மார்ச் மாதத்தில் தடுப்பூசி இல்லை, பரிசோதனை குறைவு, முகக்கவசம் ஊழியர்களுக்கே தட்டுப்பாடு. சில வாரங்கள் கதவைச் சாத்தியதை நான் குறை சொல்லமாட்டேன். சாத்திய கதவுக்குப் பின்னால், அதைத் திறப்பதற்கான வேலை நடந்ததா என்பதுதான் என் கேள்வி.

நெதர்லாந்தில் நடந்தது. அங்கும் 2020 மார்ச் 20 முதல் நாடு முழுக்கத் தடை. ஆனால் மே 11 அன்றே 26 இல்லங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட ஒரு பார்வையாளரை நிபந்தனைகளோடு அனுமதித்தார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூடவே இருந்து கண்காணித்தார்கள். அந்த முதல் வாரங்களில் அவ்வில்லங்களில் புதிய தொற்று ஒன்றும் பதிவாகவில்லை. முதியவர்களின் முகத்தில் வந்த மாற்றத்தை ஊழியர்களும் பதிவு செய்தார்கள். படிப்படியாக நாடு முழுக்கத் திறந்தார்கள். அளந்து பார், திற, மறுபடி அளந்து பார். அறிவியல் மனப்பான்மை என்பது இதுதான்.

ஒன்டாரியோ ஜூன் 18 அன்று கொஞ்சம் திறந்தது. ஒருவர் மட்டும், வெளிப்புறத்தில், முந்தைய இரண்டு வாரத்துக்குள் எடுத்த தொற்றில்லாச் சான்றோடு. காகிதத்தில் எல்லோருக்கும் சமமான விதி. ஆனால் மணிக்கூலிக்கு வேலை செய்கிறவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை வரிசையில் நிற்க அரை நாள் கூலியை இழக்க வேண்டும். கார் இல்லாதவருக்கு அது முழு நாள். நேரம் முன்பதிவு செய்ய ஆங்கிலமும் இணையமும் வேண்டும். அக்கா பதிவு செய்த இரண்டு நேரங்கள் வேலை மாற்றத்தால் தவறிப்போயின.

அந்த ஜூலையில் கனடிய மூத்த மருத்துவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். பராமரிப்பில் பங்கெடுக்கும் குடும்பத்தாரையும் பொதுவான பார்வையாளர்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்பது அதன் சாரம். செப்டம்பரில் ஒன்டாரியோ அரசு, ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர் வரை 'அத்தியாவசியப் பராமரிப்பாளர்' என்று எழுத்தில் பெயர் கொடுக்கலாம் என்றது. இல்லத்தில் தொற்று பரவினாலும் அவர்களுக்கு வழி உண்டு. மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும் இடையில் ஐந்தரை மாதம். இல்லத்தில் இருப்பவரின் ஆயுளில் ஐந்தரை மாதம் என்பது சிறிய காலம் இல்லை.

பாதுகாப்பாகச் சந்திப்பது எப்படி?

இத்தனை இழப்புக்குப் பிறகு நமக்குத் தெரிந்தவற்றை எளிமையாகச் சொல்லிவிடலாம். அடுத்த தொற்றுக்கும் இவை வேண்டும்.

காற்றுதான் முதல் விஷயம். கோவிட் பெரும்பாலும் மூச்சுக்காற்றில் மிதந்து பரவும் நோய். மேசையைத் துடைத்துத் துடைத்துக் கை தேய்ந்ததே தவிர, ஜன்னலைத் திறக்கப் பலர் நினைக்கவில்லை. திறந்த வெளியில், மரத்தடியில் சந்திப்பது நல்லது. முடியாவிட்டால் ஜன்னல் திறந்த அறை, அல்லது காற்று வடிகட்டும் இயந்திரம் ஓடும் அறை. அக்ரிலிக் தடுப்புப் பலகை காற்றை நிறுத்தாது. காது மந்தமானவருக்குப் பேச்சைத்தான் நிறுத்தும்.

முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 வகை முகக்கவசம், துணிக் கவசத்தைவிடப் பல மடங்கு மேல். அதை வாசலில் இலவசமாகக் கொடுக்க வேண்டும். நம் மூக்கையும் வாயையும் மறைத்தால் மறதி உள்ளவருக்கு நம்மை அடையாளம் தெரியாமல் போகலாம். ஆகவே பேரைச் சொல்லிக்கொண்டே கிட்டப் போக வேண்டும். பழக்கமான பாட்டையோ கூப்பிடும் சொல்லையோ முதலில் சொல்ல வேண்டும்.

போவதற்கு முன் விரைவுப் பரிசோதனை. இருமல், காய்ச்சல், தொண்டைக் கரகரப்பு இருந்தால் அன்று போகாமல் இருப்பதுதான் அன்பு. தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது. ஓர் அறையில் இருவர் இருந்தால் இரண்டு குடும்பங்களும் நேரத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஏனெனில் என் வருகை பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் ஆபத்துதான்.

தொடலாமா? தொடலாம். கையைக் கழுவிவிட்டு, கவசத்தோடு, கையைப் பிடிக்கலாம், தலை வாரலாம், எண்ணெய் தேய்க்கலாம். பேச்சும் பார்வையும் மங்கியவருக்குத் தொடுதல்தான் கடைசி மொழி. அதைத் தடை செய்கிற விதி எழுதுகிறவர், அதற்கு ஈடாக என்ன தருகிறார் என்று சொல்ல வேண்டும்.

பட்டியலைத் திரும்பப் பாருங்கள். கவசம், பரிசோதனை, காற்று, இடம், நேரம். ஒவ்வொன்றுக்கும் காசு வேண்டும், ஆள் வேண்டும். இவற்றைத் தனிமனிதப் பொறுப்பு என்று விட்டுவிட்டால் வசதியுள்ளவர் மட்டும் பாதுகாப்பாகச் சந்திப்பார். மற்றவர் ஜன்னலுக்கு வெளியே நிற்பார். வாசலில் பரிசோதனை செய்யும் ஊழியர், அறையைத் துடைக்கும் ஊழியர், காவலாளி இல்லாமல் எந்தச் சந்திப்பும் பாதுகாப்பாக நடக்காது. கியூபெக் மாகாணம் இல்லங்களில் உழைத்த அகதிக் கோரிக்கையாளர்களைக் 'காவல் தேவதைகள்' என்று புகழ்ந்தது. 2020 ஆகஸ்டில் அவர்களுக்கு நிரந்தர வசிப்புரிமைக்கான வழி அறிவிக்கப்பட்டது. ஆனால் அது நோயாளியை நேரடியாகப் பராமரித்தவர்களுக்கு மட்டும். அதே இல்லத்தில், அதே காற்றில், தரையைத் துடைத்தவருக்கும் சமையலறையில் நின்றவருக்கும் இடமில்லை. தேவதைகளுக்குள்ளும் படிநிலை.

ஒரு எச்சரிக்கை. 'எல்லாக் கட்டுப்பாடும் அடக்குமுறை, கவசமும் தடுப்பூசியும் சூழ்ச்சி' என்று கூவிய கூட்டம், இந்தக் குடும்பங்களின் வலியைத் தன் கொடியில் கட்டிக்கொள்ளப் பார்த்தது. நாம் அவர்களோடு இல்லை. இல்லத்துத் தொழிலாளியின் நுரையீரலும் நமக்கு முக்கியம். ஒன்டாரியோ இல்லங்களில் ஏறத்தாழ 4,000 முதியவர்களோடு 11 ஊழியர்களும் இறந்ததாக மாகாண விசாரணை ஆணையம் 2021 ஏப்ரலில் அளித்த அறிக்கை சொல்கிறது. குடும்பத்தையும் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்துவதில் லாபம் உரிமையாளருக்குத்தான். 2020 நவம்பரில் ஒன்டாரியோ நிறைவேற்றிய சட்டம், கோவிட் தொடர்பாக நிறுவனங்கள் மீது வழக்குப் போட வேண்டுமானால் சாதாரண அலட்சியம் போதாது, கடும் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும் என்றாக்கியது. பாதுகாப்பு யாருக்கு முதலில் கிடைத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமையாக எழுதுவோம்

குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. இல்ல வாசல்களில் பதாகை பிடித்தார்கள், மனு கொடுத்தார்கள், ஆணையத்தின் முன் பேசினார்கள். 2022 ஏப்ரல் 11 அன்று நடைமுறைக்கு வந்த ஒன்டாரியோவின் புதிய நீண்டகாலப் பராமரிப்புச் சட்டத்தில், இல்லவாசிகளின் உரிமைப் பட்டியலில் ஒரு வரி சேர்ந்தது. தம் பராமரிப்பாளர்களிடமிருந்து தொடர்ச்சியான, பாதுகாப்பான ஆதரவைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்பது அதன் பொருள். 'தொடர்ச்சியான', 'பாதுகாப்பான' என்ற இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடத் தேவையில்லை என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள இத்தனை மரணம் தேவைப்பட்டது. எழுத்தில் இருக்கும் உரிமை நடைமுறைக்கு வர என்ன பாடு படவேண்டும் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் எழுத்தில் இருப்பது வாசலில் நின்று வாதாட ஒரு கைப்பிடி.

இதைத் தமிழ்நாட்டிலிருந்து படிக்கும் தோழர்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் தாத்தாவோ அத்தையோ முதியோர் இல்லத்தில் இருக்கலாம். நர்சிங் படித்த தங்கையோ அண்ணியோ வெளிநாட்டு இல்லத்தில் வேலைக்குப் போயிருக்கலாம். நோய் இல்லாத இந்த நாட்களில் அந்த இல்லத்திடம் கேட்டு வையுங்கள். அடுத்த தொற்று வந்தால் உள்ளே வர யாருக்கு அனுமதி? அதை யார் முடிவு செய்வார்கள்? எத்தனை நாளுக்கு ஒருமுறை அந்த முடிவு திரும்பப் பார்க்கப்படும்? கவசமும் பரிசோதனையும் யார் செலவு? காய்ச்சல் வந்த ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டா? துப்புரவு செய்கிறவருக்கும் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இல்லாத இல்லம், அடுத்த முறையும் கதவைத்தான் சாத்தும்.

அக்கா இன்றும் அதே வேலையில் இருக்கிறார். அந்தத் தளத்தில் தமிழ் தெரிந்த ஒருவரையாவது வேலைக்கு வையுங்கள், இரவிலும் குடும்பத்தாரை விடுங்கள் என்று அவரும் வேறு சில குடும்பங்களும் சேர்ந்து எழுதிய கடிதத்துக்கு இல்ல நிர்வாகம் இதுவரை பதில் போடவில்லை. அடுத்த கடிதத்தில் கையெழுத்து வாங்க அவர்கள் இம்முறை ஊழியர்களிடமும் போயிருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வருவது அந்தக் காகிதத்தின் இரண்டு பக்கக் கையெழுத்துகளைப் பார்க்கும்போதுதான்.